இரண்டு கையும் தெரிய வேண்டும்

ஜூன் 3, செவ்வாய்

கம்பெனியிலிருந்து வரவேற்புப் பெட்டி வந்தது. சேர்ந்து மூன்று மாதம் கழித்து வரவேற்கிறார்கள். உள்ளே ஒரு டீ-ஷர்ட், ஒரு காபிக் கோப்பை, ஒரு டைரி. டீ-ஷர்ட்டுக்குள் நானும் இவரும் சேர்ந்தே நுழையலாம். கோப்பை கைப்பிடி உடைந்து வந்திருக்கிறது. டைரி மட்டும்தான் உருப்படி, அதனால் எழுதுகிறேன்.

முதல் பக்கத்தில் பெயர், ஊர், இரத்த வகை கேட்டிருந்தார்கள். சண்முகவடிவு, பாளையங்கோட்டை, ஓ பாசிட்டிவ். 'பணி' என்ற இடத்தில் 'ஆள் எடுப்பது' என்று எழுதினேன். கம்பெனி கோயம்புத்தூரில் இருக்கிறது. அந்தக் கட்டடத்தை நான் பார்த்ததில்லை. மார்ச்சில் என்னையே கம்ப்யூட்டர் வழியாகத்தான் எடுத்தார்கள். இப்போது ஏதோ வெளிநாட்டு வங்கியின் வேலை வந்திருக்கிறதாம், தீபாவளிக்குள் நானூறு பேர் வேண்டும். எல்லாரும் அவரவர் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பார்கள். யாரும் யாரையும் நேரில் பார்க்க வேண்டியதில்லை.

நேர்காணலில் சாஃப்ட்வேர் கேள்வி கேட்பவர் வேறொருவர். பொதுவாக நான் வாய் திறப்பதில்லை, பார்த்துக்கொண்டிருப்பேன். இருக்கிற ஆள் நிஜமான ஆள்தானா, பக்கத்தில் யாராவது சொல்லிக் கொடுக்கிறார்களா என்று பார்ப்பது என் வேலை. இந்த ஏமாற்றுக்கு எங்கள் ஆபீஸில் 'பிராக்ஸி' என்று பெயர். விதிகள் மூன்று. முகம் தெரிய வேண்டும். இரண்டு கையும் தெரிய வேண்டும். சந்தேகம் வந்தால் கேமராவைத் திருப்பி அறையைக் காட்டச் சொல்லி நான் கேட்க வேண்டும். மறுத்தால் சிவப்பு. சிவப்பு விழுந்த பெயர் ஒரு பட்டியலுக்குப் போகும். ஆட்களைச் சரிபார்க்கும் ஏஜென்சி மூலமாக மற்ற கம்பெனிகளும் அதைப் பார்க்கும்.

இவர் பாலிடெக்னிக்கிலிருந்து வந்ததும் வழக்கமான பேச்சைத் தொடங்கினார். "ஏட்டி, அந்த ரூம்ல உக்காந்து வேல பாத்தா என்ன? சிக்னலும் நல்லா கெடைக்கும், ஃபேனும் இருக்கு."

"ஹால்தான் எனக்குச் சௌகரியம்" என்றேன். ஹாலில் ஃபேன் கரகரவென்று சத்தம் போடுகிறது. பழகிவிட்டது.

ஜூன் 6, வெள்ளி

இன்று பதினொரு வீடுகளுக்குப் போய்வந்தேன். இப்படித்தான் எனக்குத் தோன்றுகிறது. ஒரு வீட்டில் பின்னால் கொடியில் ஜட்டி தொங்கியது. ஒருவர் சட்டைக்கு மேலே டை கட்டியிருந்தார், எழுந்தபோது கீழே லுங்கி. சேலத்துப் பெண் ஒருத்தியின் அப்பா கதவைத் திறந்து, "கேஸ்காரன் வந்திருக்கான், ஓடிபி சொல்லு" என்றார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அவளைப் பச்சையில் போட்டேன்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கடைசி ஆள், துறையூர் இளம்பரிதி. டெஸ்டிங்கில் ஏழு வருட அனுபவம். நன்றாகப் பதில் சொன்னார், ரொம்பவே நன்றாக. ஆனால் இடது கை கடைசி வரை தெரியவில்லை. இடது தோள் அசைந்துகொண்டே இருந்தது. நாலைந்து நொடிக்கு ஒரு தடவை கண் இடப்பக்கம் போய் வந்தது. கூடவே ஒரு சத்தம், விட்டுவிட்டு. என்ன சத்தம் என்று தெரியவில்லை. யாரோ சமிக்ஞை கொடுப்பதைப் போல.

படிவத்தில், 'அறையைக் காட்டும்படி கேட்கப்பட்டது. மறுத்தார்' என்ற கட்டத்தில் டிக் அடித்துச் சிவப்பில் போட்டேன்.

சாப்பிடப் பிடிக்கவில்லை. ரசத்தை மட்டும் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 7, சனி

மாவு அரைத்தேன். மோட்டார் போட்டு மறந்து, தொட்டி நிரம்பி வழிந்து, கீழ்வீட்டுக்காரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஜூன் 11, புதன்

இளம்பரிதியிடமிருந்து மின்னஞ்சல். "மேடம், என்னை எதற்காக நிராகரித்தீர்கள் என்று தெரிந்துகொள்ளலாமா? மற்ற இரண்டு கம்பெனிகளும் உங்கள் பட்டியலைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்கிறார்கள். நான் யாரையும் வைத்துப் பேசவில்லை. வீட்டிலிருந்து செய்யும் வேலை மட்டும்தான் இப்போது என்னால் செய்ய முடியும். ஒரே ஒரு தடவை பேச வாய்ப்புத் தாருங்கள்."

சிவப்பு விழுந்தவர்களுக்கு நாங்கள் பதில் போடக் கூடாது. அதுவும் விதி. எனக்கு விதிகள் இருப்பது எவ்வளவு வசதி என்று இன்றைக்குத் தெரிந்தது.

ஜூன் 19, வியாழன்

சுதர்சன் சார் எங்கள் பிரிவுத் தலைவர். அவரையும் திரையில் மட்டும்தான் தெரியும், அதிலும் கழுத்துவரை. வாரக் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லி எல்லாரையும் கைதட்டச் சொன்னார். பதினாறு பேர் பதினாறு ஊரில் இருந்து கைதட்டினால் அது மழை ஓட்டில் விழுவதைப் போலத்தான் கேட்கிறது.

"வடிவு பிடிச்ச அளவுக்கு பிராக்ஸி கேஸ் யாருமே பிடிக்கலீங்க. அந்தத் துறையூர் பையன் பதிவை எல்லாரும் பாருங்க. இடது கை, தோள், கண்ணு. ட்ரெயினிங்ல இதையே காட்டலாம்னு இருக்கேன்."

வேண்டாம் சார் என்று சொல்ல வாயெடுத்தேன். மைக் அணைந்திருந்தது. அதை நான் போடவில்லை.

சாயங்காலம் இவர் பீரோவை ஒதுங்கவைத்து அடுக்கினார். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கும் விண்ணப்பம் ஒன்று கையில் கிடைத்தது. பாதி நிரப்பியிருந்தது. "இத என்ன செய்ய?" என்று கேட்டார். அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன். பால் இல்லை. வெறும் அடுப்பின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஜூலை 8, செவ்வாய்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலை பதினொரு மணிக்கு ஓசூரிலிருந்து ஒரு பையன். இருபத்துநாலு வயது, மீசை இப்போதுதான் முளைக்கிறது. இரண்டு கையையும் மேசைமேல் பரப்பி வைத்திருந்தான், சோதிடக்காரனிடம் காட்டுவதைப் போல. முகத்தில் நல்ல வெளிச்சம். கேள்வி கேட்டார்கள். வாய் அசைந்தது. ஆனால் சொல் கொஞ்சம் பிந்தி வந்தது. அரை நொடி இருக்கும். நெட் மந்தம் என்று நினைத்தேன்.

பிறகு அந்தக் குரலைக் கவனித்தேன். இருபத்துநாலு வயதுக் குரல் இல்லை அது. வாக்கியம் தொடங்கும்போது "அதாவது மேடம், சார்" என்று இருவரையும் சேர்த்துச் சொல்லும் குரல். பேசாமல் உட்கார்ந்திருக்கும் என்னையும் மதித்து மேடம் என்று சொன்னவர் இதுவரை ஒருவர்தான், அந்தத் துறையூர்க்காரர்.

குரலுக்குப் பின்னால் அந்தச் சத்தமும் இருந்தது. கிரீச். கிரீச். கிரீச். ஒரு நிறுத்தம். மறுபடி கிரீச்.

பையனின் அறையில் ஒன்றுமே அசையவில்லை. அவன் இரண்டு கையும் மேசைமேல். சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

சிவப்பை அழுத்த வேண்டியவள் பச்சையை அழுத்தினேன். பிராக்ஸி என்று நான் பொய்யாக எழுதிய ஆள் இப்போது நிஜமாகவே இன்னொருவனுக்காகப் பேசும் பிராக்ஸியாக வந்திருக்கிறார். 'பொய்யாக' என்ற சொல் எப்படி வந்து விழுந்தது என்று தெரியவில்லை. அடிக்க மனமில்லை, இருக்கட்டும்.

ஜூலை 9, புதன்

பதிவுகள் தொண்ணூறு நாள் இருக்கும், பிறகு தானாக அழிந்துவிடும். ஓசூர்ப் பையனின் பதிவை இன்று மறுபடி போட்டேன். இயர்போன் ஒரு காதில் கேட்கவில்லை என்று கழற்றி, ஸ்பீக்கரில் வைத்துவிட்டேன். இவர் குளித்துத் தலை துவட்டிக்கொண்டே வந்தவர் அப்படியே நின்றார். துண்டு தலையிலேயே இருந்தது.

"யாரு வீட்டுலட்டி தூளி ஆட்டுதாவ?" என்றார்.

சொல்லிவிட்டு அந்த அறைக் கதவைப் பார்த்தார். நான் ஸ்பீக்கரை அணைத்தேன். அவர் இட்லிகூட வேண்டாம் என்று பாலிடெக்னிக் போய்விட்டார்.

ஆக அது தூளிச் சத்தம். கொக்கியில் கயிறு தேய்கிற சத்தம். இடது கையால் தூளியை ஆட்டிக்கொண்டே வலது கையால் வேலை தேடியிருக்கிறார் மனிதர். இவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

ஜூலை 17, வியாழன்

மறுபடி அந்தக் குரல். இந்த முறை விருத்தாசலத்து ஆள் ஒருவருக்காக. கிரீச் இருந்தது. நடுவில் ஒரு முறை குழந்தை 'ங்ஙா' என்றது. பதில் சொல்லிக்கொண்டிருந்த குரல் ஒரு கணம் நின்று, 'ச்சு ச்சு' என்று மெதுவாகச் சொல்லி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. கேள்வி கேட்டவர் அதைக் கவனிக்கவே இல்லை.

பச்சை.

இப்போதெல்லாம் அந்தச் சத்தம் வீட்டிலும் கேட்கிறது. காய்கறி நறுக்கும்போது, குக்கர் அடங்கும்போது. பகலில்தான். கதவைத் திறந்து பார்க்கலாம். கொக்கிதான் இருக்கும், வேறொன்றும் இருக்காது. தெரிந்ததைத் திறந்து பார்ப்பானேன்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. இவர் விடியற்காலையில் தாமிரபரணிக்குப் போய் என் மாமனாருக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்தார். வேட்டி ஈரம் சொட்டச் சொட்ட வாசலில் நின்றார்.

"ஐயர்ட்ட கேட்டுப் பாத்தேன். சின்னதுகளுக்குக் கெடையாதாம்."

"நான் கேக்கச் சொன்னேனா?" என்றேன்.

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். அவர் உள்ளே போய் வேட்டியை மாற்றினார். வாழைக்காய்ப் பொரியலும் அவியலும் செய்தேன். காக்கைக்கு வைத்த சோற்றை ரொம்ப நேரம் எதுவும் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

குரல் வந்தது. சத்தம் வரவில்லை.

இன்றைக்கு மதுரையைச் சேர்ந்த ஒருவருக்காகப் பேசினார். நாற்பது நிமிடம். நான் கேள்வி பதில் எதையும் கேட்கவில்லை, அந்தச் சத்தத்துக்காகத்தான் காத்திருந்தேன். பின்னால் பஸ் ஹாரன், யாரோ வாளியை நகர்த்தும் ஒலி, ஒரு ஆண் இருமல். கிரீச் இல்லை. குழந்தை இல்லை. 'மேடம், சார்' என்பதும் இல்லை. வெறும் பதில்கள்.

குழந்தைக்கு என்ன ஆனது?

ஆகஸ்ட் 6, புதன்

மூன்று தடவை கேட்டேன். இல்லை.

தூங்கியிருக்கலாம். வளர்ந்துவிட்டிருக்கலாம். தவழ்கிற பிள்ளையைத் தூளியில் போட முடியாது. யாராவது தூக்கிக்கொண்டு வெளியே போயிருக்கலாம். எனக்கு நல்ல காரணங்களும் தெரியும். ஆனால் தூளி நின்றுபோவதற்கு எனக்குத் தெரிந்த காரணம் வேறு ஒன்று இருக்கிறது. அதுதான் முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஜூன் ஆறாம் தேதிப் பதிவை எடுத்துப் பார்த்தேன். இன்றுதான் தைரியம் வந்தது.

நாற்பத்திரண்டு நிமிடம். கடைசியில் கேள்வி கேட்கும் டெக்னிக்கல்காரர், "வடிவு, உங்க சைடுல ஏதாவது கேக்கணுமா?" என்கிறார். என் முகம் ஓரத்தில் சின்னக் கட்டத்தில் தெரிகிறது. நான் கதவின் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டு அறைக் கதவு. பிறகு என் குரல்: "இல்ல சார், ஒண்ணும் இல்ல."

அவ்வளவுதான். அறையைக் காட்டச் சொல்லி நான் கேட்கவே இல்லை. அவர் மறுக்கவும் இல்லை. 'நன்றி மேடம், நன்றி சார்' என்று சொல்லி வலது கையை மட்டும் உயர்த்தி வணக்கம் வைக்கிறார். தோள் அப்போதும் அசைகிறது.

செப்டம்பர் நாலாம் தேதி இந்தப் பதிவு அழிந்துவிடும். அதற்குப் பிறகு நான் டிக் அடித்த கட்டம் மட்டும்தான் மிச்சம் இருக்கும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இந்த டைரியிலும் பொய் எழுதியிருக்கிறேன். யார் படிக்கப்போகிறார்கள் என்று எழுதினேனோ தெரியவில்லை.

ஜூன் ஆறாம் தேதி 'என்ன சத்தம் என்று தெரியவில்லை' என்று எழுதினேன். தெரியும். இரண்டாவது கிரீச்சிலேயே தெரியும். ஜூலையில் இவர் சொல்லித்தான் தெரிந்தது என்று எழுதினேன், அதுவும் பொய். சேலைத் தூளியின் முடிச்சு கொக்கியில் உரசும் சத்தம் எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? போன வருடம் ஐப்பசியில் நானே மாமியாரின் பழைய சுங்குடிச் சேலையை மடித்து, மூன்று முடிச்சுப் போட்டு, இவரை ஸ்டூலில் ஏற்றிக் கட்டச் சொன்னேன். எண்ணெய் விட்டால் சத்தம் போகும் என்று இவர் சொன்னார். சத்தம் இருந்தால்தான் பிள்ளை தூங்குகிறது என்று நான் விடவில்லை.

நாற்பத்தொரு நாள் அந்தச் சத்தம் இந்த வீட்டில் இருந்தது. நாற்பத்திரண்டாம் நாள் காலையில் நான் ஆட்டிக்கொண்டே இருந்தேன். இவர் வந்து என் கையைப் பிடித்து நிறுத்தினார். அதற்கு முன்பே ரொம்ப நேரம் ஆகியிருந்ததாம்.

அந்த மனிதர் என் முன்னால் உட்கார்ந்து, உயிரோடிருக்கும் ஒரு பிள்ளையை ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. அறையைக் காட்டச் சொன்னால் காட்டிவிடுவார். காட்டினால் பார்க்க வேண்டும். அதனால் கேட்கவில்லை. அந்தச் சத்தம் என் வீட்டை விட்டுப் போனால் போதும் என்று சிவப்பை அழுத்தினேன். ஒரு நிமிட வேலை.

பொறாமைதான். வேறு பெயர் சொல்ல வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

சுதர்சன் சாரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். தூளியைப் பற்றிச் சொல்லவில்லை. கேட்காமலேயே 'கேட்டேன், மறுத்தார்' என்று டிக் அடித்துவிட்டேன், சிவப்பை எடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் கன்னத்தைச் சொறிந்தார். "இப்போ எதுக்குங்க இது? யாரும் கேக்கலையே."

"தப்புன்னு தெரிஞ்சு போச்சு சார்."

"பாருங்க வடிவு, பட்டியல்ல இருந்து ஒரு பேரை எடுக்கணும்னா, போட்டவங்க வேணும்னே தப்பாப் போட்டாங்கன்னு எழுத்துல இருக்கணும். தெரியாம நடந்துதுன்னா எடுக்க முடியாது, ஏஜென்சி ஒத்துக்காது. வேணும்னே போட்டீங்கன்னு நீங்க எழுதிக் குடுத்தா, அன்னைக்கே உங்க வேலை போயிரும். அதுல நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"சரி சார்."

"என்ன சரி? ரெண்டு வாரம் சும்மா இருங்க. பதிவு தானா அழிஞ்சிரும். அந்தப் பையன் வேற எங்கயாவது வேலைக்குப் போயிருப்பான். நல்லா வேலை பாக்கற ஆளுங்க நீங்க, உணர்ச்சிவசப்படாதீங்க."

நல்ல மனிதர்தான். என் நன்மைக்குத்தான் சொன்னார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அவர் சொன்னதைச் செய்துவிடலாம் என்று மூன்று நாள் எண்ணிக்கொண்டே இருப்பேன் என்று எனக்கே தெரிகிறது.

ஆகஸ்ட் 25, திங்கள்

எண்ணிக்கொண்டேதான் இருந்தேன். இன்று மதியம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு போய், இளம்பரிதியின் விண்ணப்பத்தில் இருந்த போன் எண்ணைப் போட்டுவிட்டேன். யோசித்திருந்தால் போட்டிருக்க மாட்டேன்.

மூன்றாவது மணியில் எடுத்தார். அதே குரல்.

கம்பெனிப் பெயரைச் சொன்னேன். "ஜூன் ஆறாந்தேதி உங்க இன்டர்வியூல இருந்தேன். பேசல. பாத்துக்கிட்டு மட்டும் இருந்தேன்."

"சொல்லுங்க மேடம்." மறுபடி அந்த மேடம். பின்னால் பஸ் ஹாரன்.

என்னென்னவோ சொல்ல நினைத்திருந்தேன். "குழந்த எப்படி இருக்கு?" என்றுதான் வந்தது.

லைன் போய்விட்டது என்று நினைத்தேன். "நான் குழந்தையப் பத்தி உங்ககிட்ட சொல்லவே இல்லையே" என்றார்.

"நல்லா இருக்கா? அத மட்டும் சொல்லுங்க."

"நல்லா இருக்கான். பெரம்பலூர்ல மாமியார் வீட்டுல இருக்கான்."

கீழே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் தானாகவே சொல்லத் தொடங்கினார். கோபமாகச் சொல்லவில்லை, யாரோ ஒருவரின் கதையைச் சொல்வதைப் போலச் சொன்னார். மனைவி மஸ்கட்டில் நர்ஸ். லீவு முடிந்து ஏப்ரலில் போய்விட்டாள். பிள்ளைக்கு அப்போது ஆறு மாதம். திருச்சியில் பார்த்த வேலையை விட்டுவிட்டு அவர் பிள்ளையோடு வீட்டில் இருந்தார், வீட்டிலிருந்தே வேலை தேடினார்.

"நாலு கம்பெனி மேடம். எல்லாரும் கடைசி நேரத்துல உங்க லிஸ்ட்டப் பாத்துட்டு வேணாம்னாங்க. ஜூலை வரைக்கும் பாத்தேன். அப்புறம் அவன மாமியார்கிட்ட விட்டுட்டு மெட்ராஸ் வந்துட்டேன். ஒரு குடோன்ல பார்சல் ஸ்கேன் பண்றேன். நடுவுல மத்தவங்களுக்காக இன்டர்வியூல பேசவும் பேசுறேன். அதையும் கண்டுபிடிச்சுட்டீங்களா?"

"குரல் தெரிஞ்சுது."

"ரிப்போர்ட் பண்ணிட்டீங்களா?"

"இல்ல. பண்ண மாட்டேன். நீங்களும் இனிமே பேசாதீங்க."

பிறகு, "நேத்து ஞாயித்துக்கிழமை பெரம்பலூர் போனேன்" என்றார். "தூக்குனேன். மாமியாரப் பாத்துக் கைய நீட்டி அழுவுறான். யாரோ புது ஆள் தூக்கிட்டான்னு நெனச்சுட்டான். ஒரு மாசம்கூட ஆவல மேடம். நாலு மாசம் ராத்திரி பகலா நான்தான் பாத்தேன்."

அப்போதுதான் சொன்னேன். அறையைக் காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை, கேட்டதாகப் பொய் எழுதினேன். அது தூளி என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

கத்துவார் என்று காதைச் சற்று விலக்கி வைத்திருந்தேன். கத்தவில்லை.

"கேட்டிருந்தா கேமராவத் திருப்பியிருப்பேனே மேடம்" என்றார். "அப்பத்தான் தூங்க ஆரம்பிச்சிருந்தான். பாக்க நல்லா இருப்பான்."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். ஏன் கேட்கவில்லை என்று அவர் கேட்டார். என் வீட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் ஐயோ பாவம் என்பார், அவர் கோபம் பாதியில் நின்றுவிடும். அதையும் அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. "காரணம் இருக்கு, ஆனா அது உங்களுக்குப் பதில் ஆகாது" என்றேன்.

"மன்னிப்புக் கேக்கத்தான் போன் பண்ணீங்களா?"

"ஆமா."

"அத வச்சு நான் என்ன மேடம் பண்ணுவேன்? எழுத்துல குடுப்பீங்களா?"

"குடுக்கேன்" என்றேன். வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

காலையில் கடிதம் எழுதினேன். சுதர்சன் சாருக்கும் ஏஜென்சிக்கும் ஒரே கடிதம், இளம்பரிதிக்கு ஒரு நகல். போனில் அவரிடம் சொல்லாத காரணமும் இதில் இருக்கிறது, அது இல்லாமல் ஏஜென்சி நம்பாது. ஆபீஸ் கடிதம் எழுதுவது எனக்குச் சுலபம், ஆனால் இது ஒன்பது தடவை அழித்து எழுதிய கடிதம். மற்றவர்களுக்காக அவர் பேசியதை இதில் எழுதவில்லை. நான் மறைத்தது அது ஒன்றுதான். பச்சை போட்டது நான், அந்தக் கணக்கு என்னோடு இருக்கட்டும்.

இவரிடம் நேற்று வரை சொல்லவில்லை. இன்று பாலிடெக்னிக் விடுமுறை. டீ கொண்டுவந்து வைத்தவரிடம், "இத வாசிங்க. இன்னைக்கோட எனக்கு வேல இருக்காது" என்றேன்.

நின்றுகொண்டே வாசிக்கத் தொடங்கியவர் பாதியில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கடிதத்தில் இப்படி எழுதியிருந்தேன்:

'விண்ணப்பதாரரின் அறையைக் காட்டும்படி நான் கேட்கவில்லை. கேட்டதாகவும் அவர் மறுத்ததாகவும் தெரிந்தே பொய்யாகப் பதிவு செய்தேன். பதிவைப் பார்த்தால் இது விளங்கும். அவரது இடது கை தெரியாமல் இருந்ததற்குக் காரணம், அவர் தன் குழந்தையைத் தூளியில் ஆட்டிக்கொண்டிருந்தது. அது எனக்கு அப்போதே தெரியும். ஒன்பது மாதங்களுக்கு முன் எங்கள் குழந்தை தூளியில் இறந்துபோனது. அந்தச் சத்தத்தை என்னால் கேட்க முடியவில்லை. இதில் அவர்மேல் எந்தத் தவறும் இல்லை.'

இரண்டு தடவை வாசித்தார். டீ ஆறி ஆடை கட்டியது. திட்டுவார், இல்லை வேலையை விடாதே என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"அன்னைக்கு அந்தச் சத்தம் கேட்டப்பவே எனக்குத் தெரியும்" என்றார். "நீ எதையோ வச்சுக்கிட்டு அல்லாடுதன்னு. கேக்கப் பயமா இருந்துச்சு."

பிறகு திரையில் ஒரு இடத்தில் விரலை வைத்தார். "'எங்கள் குழந்தை'ன்னு போட்டிருக்க. பேரு போடலியே."

"ஆபீஸ் லெட்டர்ல பேரு எதுக்கு? அவங்களுக்கு என்ன தெரியப் போவுது."

"எங்கயுமே போடலட்டி நாம. ரேஷன் கார்டுலயும் போடல. ஐயரும் கெடையாதுன்னுட்டார். ஒரு எடத்துலயாவது இருக்கட்டும்."

அவர் அழுது நான் பார்த்ததில்லை. இப்போதும் அழவில்லை, விரலைத் திரையிலிருந்து எடுக்காமல் இருந்தார். அந்த விரலை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் அடித்தேன். 'எங்கள் குழந்தை ஆவுடைநாயகி'. அவர் அதைச் சத்தம் போட்டு வாசித்தார், எழுத்துக்கூட்டி வாசிப்பதைப் போல ஒவ்வொரு எழுத்தாக. பிறந்தபோது அவர் அம்மா பெயரையே வைத்தோம். பிள்ளை போன பிறகு இந்த வீட்டில் யாரும் அதைச் சொல்லவில்லை.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன்.

சொன்னார். அனுப்பினேன்.